பேபியின் அலமாரியைப் பழசாக்கியது பற்றி

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த இசபெல்லா மதினி அவர்களுக்கு, உங்கள் தங்கை பேபியின் வீட்டுக்காரன் பாஸ்கல் எழுதிக்கொள்வது. மாதா கிருபையில் இங்கு நானும் மகன் டெரன்ஸும் மருமகள் டெல்பினும் சுகம். மணப்பாட்டில் உங்கள் முட்டுவலி குறைந்து, கல்யாணப்பெண் ஜெனோவும் சுகமாயிருப்பாள் என்று நம்புகிறேன். ஃபோனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே ஏசத் தொடங்குவீர்கள். கடிதமென்றால் முடிவுவரை வாசித்துவிட்டுத்தானே ஏச முடியும்.

விஷயம் அலமாரி. பேபி கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த தேக்கு அலமாரி. "அவளே போயிட்டா. எங்க அப்பா செஞ்சு குடுத்தது, என் பேத்தி கல்யாணத்துக்குத் தந்திருங்க" என்று கேட்டீர்கள், நானும் சரி என்றேன். "எப்பம் அனுப்புதிய, எப்பம் அனுப்புதிய" என்று நீங்களும் விடவில்லை. வியாழக்கிழமை தங்கப்பாண்டியின் குட்டியானை வண்டியில் ஏற்றிவிடுகிறேன் என்று மாதா பேரில் சொன்ன வாக்கில் மாற்றமில்லை. பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

அனுப்புமுன் பளபளவென்று ஒரு கோட் அடிப்போம் என்று பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். துறைமுகத்து இழுவைக் கப்பலில் மாலுமிகளை மேய்க்கும் செராங்காக இருந்தவன், பெயிண்ட் போன இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா. டெல்பின் ஓடிவந்து, "மாமா, ஜெனோவுக்குப் புதுசு வேண்டாமாம். பழசு மாதிரி வேணுமாம், விண்டேஜ்" என்று ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினாள். யாரோ வெள்ளைக்காரி வீட்டு அலமாரி. பெயிண்ட் உரிந்து, மூலையெல்லாம் மரம் தெரிகிறது. நம் கோயில் பங்கில் ஒரு வீட்டில் அப்படி இருந்தால் சாமியார் அரிசி கொடுத்தனுப்பியிருப்பார். "ஏளா, நம்மது ஏற்கெனவே பழசுதானே?" என்றேன். "இது பழசு மாமா. அது பழசு மாதிரி" என்றாள். எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவளே நீலம் அடித்தாள். காய்ந்ததும் உப்புத்தாளை எடுத்து, அடித்த பெயிண்டை அவளே தேய்த்து உரித்தாள். காலையில் பார்க்கிறேன், மூலைகள் பல்லை இளிக்கின்றன. கேப்டன் கண்டால் கடலில் தள்ளியிருப்பார். மனசு கேட்கவில்லை, தொட்டுப் பூசிவிட்டேன். சாயங்காலம் அவள் தேய்த்தாள். மறுநாள் நான் பூசினேன். அவள் உரிப்பதும் நான் பூசுவதுமாக நாள் போனது. "ஒரு அலமாரிக்கு ஒரு கப்பல் பெயிண்ட் காலி" என்று டெரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

கடைசியில் அவள் இடப்பக்கக் கதவைத் தேய்க்கவும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்கன யாருளா கை வச்சா? அந்தக் கதவு என்னைக்கும் இறுக்கம்தான். உன் அத்தை இங்கன பிடிச்சு, முட்டால ஒரு இடி இடிச்சுத்தான் திறப்பா. சாவிக்கொத்து ஆடி ஆடி இங்கன தேயும்" என்று கத்தினேன். அவள் என்னையே பார்த்தாள். "அப்ப நீங்களே தேய்ங்க மாமா" என்று உப்புத்தாளைக் கையில் தந்துவிட்டுக் குசினிக்கு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

தேய்த்தேன், மதினி. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் அதற்குப் பெயிண்ட் அடிப்பது உங்களுக்குத் தெரியுமே. நீலத்துக்குக் கீழே சாம்பல், அதற்குக் கீழே டெரன்ஸ் கோயிலில் புதுநன்மை வாங்கிய வருஷத்துப் பச்சை, அதற்கும் கீழே அவன் பிறந்தபோது பேபி அடம்பிடித்து அடிக்கச் சொன்ன மஞ்சள். தெருவே வந்து 'டாக்சியா?' என்று கேட்டதே, அந்த மஞ்சள். "அலமாரிக்குப் பெயிண்ட் அடிக்கேன்னு பலகாரமெல்லாம் டர்பன்டைன் மணக்கு" என்று அவள் ஏசியதெல்லாம் காதில் கேட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ரோஸ். உங்கள் மணப்பாட்டு வீட்டுக் கதவின் ரோஸ், உங்கள் அப்பா அடித்தது. அவள் அதோடுதான் என் வீட்டுக்கு வந்தாள். தரையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். டெல்பின் ஓடிவந்து என்னவென்று கேட்டாள். "தூசி" என்றேன். அவளும் மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கும் தூசியாம்.

ஆக, அலமாரி இப்போது சொறி பிடித்த மாதிரி இருக்கிறது. கோபிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். சொன்ன சொல் சொன்ன சொல்தான். இந்தக் கடிதத்தையும் தங்கப்பாண்டியிடமே தருகிறேன். இரண்டும் ஒன்றாக வந்து சேரும்; கடிதத்தை முதலில் வாசியுங்கள். ஜெனோவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர். திருச்சிலுவை உங்கள் வீட்டையும் கால்முட்டையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
பேபி வீட்டுக்காரன்
பாஸ்கல்

பி.கு.: வியாழன் காலை. தங்கப்பாண்டி ஆட்களோடு வந்தான். "அண்ணாச்சி, மணப்பாட்டுக்கா, பழைய இரும்புக்கடைக்கா?" என்றான். மூன்று மூலையை அவர்கள் தூக்க, நாலாவதை நான் பிடித்தேன். வாசல்வரை வந்துவிட்டோம். "விடுங்க அண்ணாச்சி, ஏத்தணும்" என்றான். விடத்தான் நினைத்தேன். கை விடவில்லை. கடைசியில் டெல்பின்தான், "உள்ளயே கொண்டு வைங்க அண்ணே" என்றாள். ஆகவே வண்டியில் வருவது டெரன்ஸ் புதிதாக வாங்கிய இரும்பு பீரோ. அதை டெல்பின் இன்னும் பழசாக்கவில்லை. உங்கள் ஊர் உப்புக்காற்றில் ரெண்டு வருஷம் நின்றால், ஜெனோ கேட்ட விண்டேஜ் தானாக வந்துவிடும். மாதாவிடம் நான் பேசிக்கொள்வேன், உங்களிடம்தான் பயம். நம் அலமாரியின் வலக்கதவில் கீழ்ப்பாதியை உங்களுக்காகத் தேய்க்காமல் வைத்திருக்கிறேன். அங்கேயும் அடியில் ரோஸ்தான். நேரில் வந்து ஏசிக்கொண்டே தேயுங்கள். தங்கப்பாண்டி திரும்பும்போது முன்சீட் காலியாகத்தான் வரும். ஏறி உட்காருங்கள், மதினி.