விரல்குத்துக்கு மாமன் மடி

பிள்ளைக்கு ஒண்ணை விளக்கிச் சொல்றதுல என்னை மாதிரி மடையன் கம்பம் பள்ளத்தாக்குல இன்னொருத்தன் இருந்திருக்க மாட்டான். (இருந்திருந்தா எங்க வீட்டுக்காரி தேடிப் பிடிச்சு எனக்குக் காட்டியிருப்பா.)

யுத்தம் நடந்துக்கிட்டிருந்த சமயம். என் மக ராசாத்திக்கு அஞ்சு வயசு. ரெண்டு மாசமா காய்ச்சல் வரும், போகும், திரும்ப வரும். பிள்ளை ஈர்க்குச்சியாப் போச்சு. கம்பத்து டாக்டர் பார்த்துட்டு, "குடுக்கிற குயினைன் மருந்தை நிறுத்தி ரெண்டு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. காய்ச்சல் ஏற ஏற, பொழுதன்னைக்கும் விரல்ல குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கணும். அப்பத்தான் மலேரியாவா வேற ஏதாவதான்னு தெரியும். பிள்ளையப் பயப்படாமத் தயார் பண்ணுங்க"ன்னு சொன்னாக.

தயார் பண்ற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்.

"ஆத்தா, சித்தப்பா மகனுக்குக் காது குத்துனாகள்ல? அதே மாதிரி ஒனக்கு வெரல்குத்து."

"வலிக்குமாப்பா?"

"மாமன் மடியில உக்காந்தா எப்படி வலிக்கும்? வாயில கல்கண்டு போடுவாக."

பிள்ளைக்கு ஒரே சந்தோசம். வீடு வீடாப் போய், "எனக்கு வெரல்குத்து, வந்துருங்க"ன்னு தெருவையே அழைச்சிட்டு வந்துட்டா. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கிட்டேன். ஒரு விசயம்தான் விட்டுப்போச்சு. அவ மாமன், அதாவது எங்க வீட்டுக்காரியோட அண்ணன், கூடலூர்க்காரர். எங்க ரெண்டு பேர் வயலுக்கும் ஒரே மடை. யார் முதல்ல தண்ணி பாய்ச்சுறதுங்கிற சண்டையில ரெண்டு வருசமா எங்களுக்குள்ள பேச்சே கிடையாது.

ஆஸ்பத்திரியில டாக்டர் ஊசியை எடுத்தாக. ராசாத்தி கையை இறுக்கி மூடிக்கிட்டா.

"மாமா எங்க?"

"அப்பா மடியில உக்காரு ஆத்தா."

"நீ அப்பா. மாமா இல்ல."

நான் டாக்டர் பக்கம் திரும்புனேன்.

"அமுக்கிப் பிடிச்சுக்கிடவா சார்?"

"ஒரு தடவை பிடிக்கலாம். சாயங்காலம் வரைக்கும் பிடிப்பீங்களா? இன்னைக்கு விட்டா திரும்ப மருந்தில்லாமக் காத்திருக்கணும். பிள்ளை உடம்பு தாங்காது."

ஓடினேன். யுத்தத்துல பெட்ரோல் கிடைக்காம, அப்ப கரியில ஓடுற பஸ். மேடு வந்தா எல்லாரும் இறங்கித் தள்ளணும். பஸ் என்னைக் கூடலூருக்குக் கூட்டிட்டுப் போச்சுன்னு சொல்ல முடியாது; நான்தான் அதைக் கூட்டிட்டுப் போனேன். மச்சான் வயல்ல நின்னாரு. ரெண்டு வருசம் கழிச்சு அவர்கிட்ட நான் பேசுன முதல் வார்த்தை:

"மச்சான், ஒங்க மடி வேணும்."

அவரு என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. விவரம் சொன்னேன்.

"ரெண்டு மாசமாக் காய்ச்சலா? ஏய்யா எனக்குச் சொல்லல?"

அவ்வளவுதான் கேட்டாரு. மம்பட்டியை வரப்புல போட்டுட்டு, தேங்கா, பழம், கல்கண்டு வாங்கித் தட்டோட கிளம்பிட்டாரு. (வெறுங்கையோட மடி குடுக்கிறது மொறையில்லையாம்.)

நாங்க போய்ச் சேர்றப்ப ஆஸ்பத்திரி வாசல்ல எங்க தெரு மொத்தமும் நிக்குது. அழைச்சிருக்காள்ல! ராசாத்தி மாமன் மடியில ஏறி உக்காந்து, மோதிரம் போடக் குடுக்கிற மாதிரி விரலை நீட்டுனா. டாக்டர் குத்துனாக. பொம்பளைக குலவை போட்டாக. முதல் குலவைக்கு டாக்டர் துள்ளி விழுந்தாக. சாயங்காலம், குத்திட்டுக் குலவைக்காக அவுகளே காத்து நின்னாக.

மலேரியாதான். சரியான அளவுல மருந்து குடுத்து, பிள்ளை தேறிட்டா. இப்பவும் எங்க குடும்பத்துல யாருக்காவது ஊசி போடணும்னா, "மாமனுக்குச் சொல்லியாச்சா?"ன்னுதான் கேப்பாக.

அன்னைக்குப் பொழுதெல்லாம் பிள்ளையை வச்சிருந்ததுல மச்சானுக்குக் காலு மரத்துப்போச்சு. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி பஸ்ஸுக்கு வந்தவரு, ஏறுறதுக்கு முன்னாடி திரும்பிச் சொன்னாரு:

"மாப்ள, ஒங்க புத்தி இம்புட்டுத்தான்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, அந்தத் தண்ணிய ஒங்களுக்கே விட்டுருப்பேன்."