ஏழு ஜோடி இட்லி

"ஒரு இட்லியே அரைக் கிலோ இருக்குதும்மா! அஞ்சையும் தின்னு எப்படி வரிசை போடறது?" மேடைக்குப் பின்னால் நின்று, காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் மகள் பிரவீனாவிடம் போனில் அழாத குறையாகக் கேட்டார் வீராசாமி.

தெருச் சங்கத்தின் காஞ்சிபுரம் இட்லிப் போட்டி. நெசவாளர் சொசைட்டியில் பட்டுச் சேலைக்குக் குற்றம் கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். நாக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நடுவராக்கிவிட்டார்கள். பேர் எழுதாத ஐந்து தட்டுகள். அதில் அவர் மனைவி சம்பூர்ணத்தின் தட்டு முதலாவதாக வராவிட்டால், ஒரு மாசத்துக்கு வீட்டில் அடுப்பு எரியாது.

"ரெண்டு ரெண்டா சாப்டுப் பாருப்பா. எல்லாத்தையும் எல்லாத்தோடவும் வச்சா பத்து தடவை. ஆனா ஏழே போதும்."

"எப்படிம்மா?"

"ஒண்ணு ரெண்டை ஜெயிச்சு, ரெண்டு மூணை ஜெயிச்சா, ஒண்ணையும் மூணையும் எதுக்கு மறுபடி தின்னுக்கினு? எது நல்லாருக்குதுன்னு நீ சொல்லு, அடுத்த ஜோடி நான் சொல்றேன்."

முதல் ஜோடியில் பட்டும் படாமலும் விண்டு வாயில் போட்டார். தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு கிரேஸ் விடவில்லை.

"கொசு மாதிரி கடிச்சா எப்படிண்ணா தெரியும்? நல்லா சாப்டுங்க!"

சம்பூர்ணத்தின் கைவரிசையைச் சுக்கு வாசனையிலேயே பிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். இரண்டாவது ஜோடியில் திக்கென்றது. நான்கு தட்டிலும் அதே வாசனை! மூக்கு மரத்துவிட்டதோ என்று ஒரு காபி குடித்தார். மூக்கு தெளியவில்லை, வயிறுதான் கும்மென்று ஆயிற்று.

மூன்றாவது ஜோடியில் தெய்வம் கண் திறந்தது. மூன்றாம் தட்டில் மட்டும் ஒரு முழு முந்திரி எட்டிப் பார்த்தது. முந்திரியை இப்படி வாரிப் போடுபவள் இந்த ஊரிலேயே நம்ம வீட்டுக்காரிதான்! முதல் இடம் முடிவாயிற்று.

பாவம், ஐந்தாம் தட்டு நான்காவது ஜோடியில்தான் வந்தது. அதற்குள் தொண்டை வரை இட்லி. பெல்ட்டைத் தளர்த்தினார், வேட்டி நழுவப் பார்த்தது. ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் இட்லியாக ஏழு ஜோடியையும் முடித்து மைக்கைப் பிடித்தார்.

"மூணாம் தட்டு! அடடா, இட்லியா இது? பிரசாதம்!"

முன்வரிசையில் சம்பூர்ணத்தின் முகம் மலர்ந்தது. அப்பாடா! அந்தத் தெம்பில் கடைசித் தட்டை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"அஞ்சாம் தட்டு அவிச்ச மகராசி யாரோ தெரியாது. கருங்கல்லை ஊறவச்சு அரைச்சாங்களா? அவங்க வீட்டுக்காரரை நெனச்சா எனக்கு அழுகையே வருதுப்பா!"

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. சம்பூர்ணம் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பிப் போனாள்.

"எங்க போறா? அவளுக்குத்தானே ஃபர்ஸ்ட்டு?" என்று வீராசாமி கிரேஸிடம் கேட்டார்.

"பேர் குடுத்த மத்த நாலு பேரும் வரலண்ணா. போட்டி நின்னுடக் கூடாதுன்னு அஞ்சு தட்டும் அக்காதான் செஞ்சாங்க."