சொட்டு அண்ணன் கலந்த ஆயில்

காரில் ஆயில் குறைந்தால் மூடி வரைக்கும் ஊற்ற வேண்டும் என்று நாற்பத்தாறு வயது வரை நம்பியவன் நான். தண்ணீர்க் குடத்தை நிரப்பும் நியாயம்தான். படித்த புத்தகங்கள் எதிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லாமல் போனது என் குற்றமில்லை.

இருபத்தைந்து வயதான என் சின்னக் காரை அப்படி நிரப்பி எடுத்துக்கொண்டு நாகல் நகருக்குள் நுழைந்தேன். பின்னால் வெள்ளைப் புகை தெருவை மூடியது. வீடுகளில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஒரு அம்மா மட்டும் ஓடி வந்து, “கொசு மருந்து வண்டிதானே? போன வாரம் எங்க சந்துக்கு வராமலே போயிட்டீங்களே!” என்று சண்டைக்கு நின்றார்.

அந்தப் புகையைக் கிழித்துக்கொண்டு வந்தவர்தான் சொட்டு அண்ணன். ஆயில் வாங்க வந்தவர்களுக்கு ஆயில் தராமல் விரட்டியே கடை நடத்திய ஒரே ஆயில் வியாபாரி இந்தப் பூமியில் அவர்தான். பானட்டைத் திறந்தார், ஆயில் அளக்கும் குச்சியை உருவினார், என்னைப் பார்த்தார்.

“தம்பி, இது எஞ்சினா, கல்யாண வீட்டுப் பாயாச அண்டாவா?”

அதிகமாக ஊற்றியதையெல்லாம் இறக்கினார். பிறகு குச்சியிலிருந்து ஒரு சொட்டை, கடைச் சுவரில் தொங்கிய தேதி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அதன் மேல் விட்டார். செத்த நேரம் காயவிட்டு, நடுவில் எவ்வளவு கறுப்பு, சுற்றி எவ்வளவு பழுப்பு, ஓரத்தில் எவ்வளவு மஞ்சள் என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் கார் நம்பரை எழுதிக் கம்பியில் குத்தினார். திண்டுக்கல்லில் ஓடும் பழைய கார்கள் அத்தனைக்கும் அந்தக் கம்பியில் ஜாதகம் இருந்தது. அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். அதனால்தான் அவர் கடைக் காலண்டரில் ஆடி மாதத்திலேயே தீபாவளி முடிந்துவிடும்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. முன்பு ஊற்றிய ஆயில் எதுவோ அதையேதான் ஊற்ற வேண்டும். கலக்கக் கூடாது.

வடமதுரையிலிருந்து பழைய ஜீப்பில் ஒரு விவசாயி வந்தார்.

“அண்ணே, ஒரு லிட்டரு ஆயில் குடுங்க.”

“முன்னாடி என்ன ஊத்துனீக?”

“ஏதோ ஒண்ணு.”

“ஏதோ ஒண்ணா? இன்னைக்கு வீட்டுல என்ன வெஞ்சனம்னு கேட்டா, ஏதோ ஒண்ணும்பீகளா?”

“ஆமா, அப்பிடித்தான் சொல்லுவேன்.”

“உங்க வீட்டம்மா பாவம். கெளம்புங்க.”

விவசாயி எதிர்க்கடைக்குப் போய் வாங்கிக்கொண்டார். எதிர்க்கடைக்காரர் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொட்டு அண்ணனுக்கு இரண்டு கிலோ இனிப்பு அனுப்புவார். நன்றி மறவாத மனிதர்.

இத்தனை கார்களின் குலம் கோத்திரம் தெரிந்த அண்ணனுக்குச் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள். மனைவி இல்லை. வயது நாற்பத்தெட்டு. ஆயில் பார்க்கும் கண்ணாலேயே பெண்ணும் பார்த்தால் வேறென்ன நடக்கும்? ஒரு வீட்டில் மூன்று வேளையும் காபி என்று எழுந்து வந்துவிட்டார். “நான் டீ. கிரேடு சேராது தம்பி.” இன்னொரு வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்களாம். அதுவும் சேரவில்லை.

சின்னாளபட்டியில் இருக்கும் அவருடைய அக்கா, அதற்குள் அந்தக் கடையே கதியென்று ஆகியிருந்த என்னைக் கடைசியில் கூப்பிட்டார். “தம்பி, ஒட்டன்சத்திரத்துல ஒரு டீச்சரு. நாப்பத்து மூணு வயசு. இதுதான் கடைசி. இதையும் வேணாம்னா இனி நான் பாக்க மாட்டேன். நீங்களே உங்க கார்ல கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க.”

டீச்சர் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். பதினோரு மணிக்கு வர வேண்டும். பன்னிரண்டுக்கு அவருக்குப் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ். ஏற்கெனவே இரண்டு பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்கள். மூன்றாவது ஆளுக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

அண்ணன் புது வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் டாஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

“நிறுத்து, நிறுத்து! எஞ்சினை அமத்து!”

பானட்டைத் திறந்தோம். உள்ளே தீபாவளி எண்ணெய்க் குளியல். காலையில் நான் பொறுப்பாக ஆயில் அளவு பார்த்து, அவர் கொடுத்த டின்னில் மிச்சம் இருந்ததைச் சரியான கோடு வரை ஊற்றியிருந்தேன். ஊற்றிய வாயின் மூடியை மட்டும் மறுபடி போடவில்லை. அது பேட்டரியின் மேல், நான் வைத்த இடத்திலேயே பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

அண்ணன் மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மணி பத்தேகால்.

“அண்ணே, நீங்க பஸ் ஏறிப் போயிருங்க. வண்டிய நான் பாத்துக்கிறேன்.”

“நீங்க பாத்துக்குவீக. நான் அந்தப் பக்கம் போனதும் எதையாவது ஊத்துவீக.”

பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. அங்கே இருந்தது வேறு கம்பெனியின் டென் தர்ட்டி சிந்தெட்டிக், புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயில். என் கார் குடிப்பது ட்வென்ட்டி ஃபார்ட்டி, கெட்டியானது. அண்ணன் அந்த டப்பாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு லாரி போயிற்று, ஒரு பஸ் போயிற்று. அவர் அசையவில்லை. ஒரு பக்கம் டீச்சர், மறுபக்கம் அவருடைய ஒரே சட்டம்.

பிறகு சட்டைக் கையை மடித்தார்.

கொஞ்சம் ஊற்றினார். பொறுத்தார். குச்சியை உருவினார். துடைக்கத் தாள் இல்லை. புது வேட்டி ஓரத்தில் துடைத்தார். மறுபடி கொஞ்சம் ஊற்றினார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்ததும் நிறுத்திவிட்டு, மூடியைத் தன் கையாலேயே திருகினார்.

“ரெண்டும் பெட்ரோல் எஞ்சின் ஆயில்தான். சண்டை போடாது. பட்டினியா ஓடுறதுக்கு இது மேலு. ஊருக்குப் போனதும் மொத்தத்தையும் இறக்கிருவோம்.”

“அப்ப இம்புட்டு வருசமா ஏண்ணே கலக்கக் கூடாதுன்னு வெரட்டுனீங்க?”

“அவசரத்துக்கு ஒருதடவை கலக்கலாம்னு சொன்னா, அம்புட்டு பேருக்கும் தினமும் அவசரம் வந்துரும் தம்பி.”

பதினோரு மணி இரண்டு நிமிடத்துக்கு டீச்சர் வீட்டு வாசலில் நின்றோம். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அண்ணனின் வேட்டியைப் பார்த்தார்.

“ஏனுங்க, வேட்டியில என்னங்க கறை?”

போச்சு என்று நினைத்தேன். அண்ணன் உட்கார்ந்து வேட்டி ஓரத்தை விரித்துப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். நடுவில் இருப்பது கரி, சுற்றி இருப்பது பழைய ஆயில், ஓரத்தில் பரவியிருப்பது இன்று ஊற்றியது. இருபது நிமிடம். இடையில் வந்த பஜ்ஜியைக்கூட அவர் கவனிக்கவில்லை.

டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி.

“சேராதுன்னு சொன்ன ரெண்டும் சேந்து எவ்வளவு தூரம் வந்துச்சுங்க?”

“இருபது கிலோமீட்டருங்க. சத்தமே இல்லைங்க.”

பக்கத்திலிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். ஆயுளில் ஒருவருக்கும் டீச்சர் மாதிரி வரிக்கு வரி ‘ங்க’ போடாத மனிதர். டீச்சர் எழுந்து உள்ளே போய், ஸ்பெஷல் கிளாஸ் அரை மணி நேரம் தாமதம் என்று பள்ளிக்குப் போன் செய்தார்.

அன்று மாலை அண்ணன் சொன்னபடியே என் காரின் ஆயில் முழுவதையும் இறக்கினார். அதற்கு முன்னால் ஒரு சொட்டைக் காலண்டர் தாளில் விட்டார். அந்தத் தாளைக் கம்பியில் குத்தாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தை மாதத்தில் கல்யாணம். டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு திண்டுக்கல் வந்துவிட்டார். அண்ணன் கடைக் காலண்டர் இப்போது அன்றன்றைய தேதியைக் காட்டுகிறது. சொட்டெல்லாம் ஏழாம் வகுப்புப் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் விழுகிறது. சனிக்கிழமைகளில் டீச்சரே கடையில் உட்கார்ந்து சிவப்பு மையில் மார்க்கும் போடுகிறார். என் காருக்கு முப்பத்தெட்டு.

ஊரெல்லாம் இந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவன் நானே என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். போன சனிக்கிழமை கடையிலும் சொன்னேன்.

“டீச்சர், அன்னைக்கு என் கார் மட்டும் இல்லேன்னா...”

அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“காருனால இல்லீங்க சார். நீங்க மூடி போட மறந்ததுனாலதானுங்க. இன்னைக்கும் போட்டிருக்கீங்களான்னு அவரு மூணு தடவை போய்ப் பாத்துட்டு வந்துட்டாருங்க. நீங்க தைரியமா கெளம்பலாம்.”