சீர்த்தட்டுப் பொம்மையின் பட்டுச்சேலை

அன்புத் தங்கை சொர்ணலதாவுக்கு,

மார்க்கையன்கோட்டையிலிருந்து அண்ணன் ஈஸ்வரபாண்டி எழுதுவது. நானும் உன் மதினி நாகஜோதியும் சுகம். பொம்மையின் சுகத்தைத்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்று எழுதுகிறேன்.

சின்னமனூர்க் கல்யாணத்தில் சீர்த்தட்டில் வைக்க, மணப்பெண்ணின் சேலை நிறத்திலேயே பட்டு உடுத்தி, இடுப்புவலியென்று கல்யாணத்துக்கு நிற்காமல் நீ விட்டுப்போன பொம்மை கூடத்து மேஜையில் இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் திராட்சைத் தட்டோடு வந்தவன், அதன் அழகைப் பார்த்தபடியே நடந்து மேஜைக் காலில் இடறினேன். தட்டு பொம்மைமேல் கவிழ்ந்து, முந்தானையெல்லாம் நசுங்கிய பழத்தின் சாறு. பட்டில் வெந்நீர் படக்கூடாது, முறுக்கிப் பிழியக்கூடாது என்று நீ சொல்லியிருந்தாயே, அதனால் பச்சைத்தண்ணீரில் துளி ஷாம்பு விட்டு அலசினேன். விரல்களுக்கு நடுவே அது மீன்குஞ்சு மாதிரி நழுவி நழுவிப் போனது. நேரம் போனதே தெரியவில்லை. கறை போய்விட்டது, மடிப்பும் போய்விட்டது. நிழலில் காயப்போட்டால், மலைக்காற்று அதைத் தூக்கித் திராட்சைப் பந்தல்மேல் விரித்துவிட்டது. ஏணியில் ஏறியவன், எடுக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அங்கன நின்னு என்ன கனாக் காண்றீக? லதாவுக்கு இதுதான் மொதப் பெரிய ஆர்டரு. அவ பேரு கெட்டுப்போகும்ல" என்றாள் உன் மதினி.

அவளே சேலையை இட்லிச்சட்டி ஆவியில் காட்டி, நீவி, ஈர்க்குச்சியை வைத்துக் கொசுவம் மடித்தாள். நான் ஹேர்பின் நீட்டினேன். வெள்ளை வேட்டியை மேலே போட்டு இஸ்திரிப்பெட்டியை லேசாக ஓட்டினோம். பிள்ளை தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல இரண்டு பேரும் ரகசியக் குரலில் பேசிக்கொண்டிருந்தோம். ஏன் என்று தெரியவில்லை. வெயில் இறங்கும்போது பொம்மை மறுபடி சேலை உடுத்தி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் மண்டபத்தில் பெண்ணின் தாயார் சந்தனம்மாள் அதைக் கையில் எடுத்தார். கொசுவத்தை விரலால் நீவிப் பார்த்தார்.

"நெசமாவே சேலை கட்டிப் பழகுன பிள்ளை மாதிரில்ல நிக்கிது. யாரு கட்டுனாக?"

"என் தங்கச்சி" என்றேன். நாகஜோதி என் காலை மிதித்தாள்.

உன் கைவேலை நாலு ஜில்லாவுக்கும் பரவட்டும், இடுப்புவலி தீரட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
ஈஸ்வரபாண்டி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் நாகஜோதி பீரோவிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே அதே நிறத்தில், ஜரிகையோடு, மடிப்புக் கலையாத குட்டிச் சேலை. கல்யாணத்தன்று கட்டிவிடச் சொல்லி நீ பீரோவைக் காட்டியது இப்போதுதான் நினைவு வருகிறது. நாங்கள் துவைத்தது நீ அளவு பார்க்கச் சுற்றிய மிச்சத்துணி போலிருக்கிறது, ஆத்தா. சந்தனம்மாள் இளைய மகள் கல்யாணத்துக்கும் அதே மாதிரிதான் வேண்டும் என்கிறார். நீ வர வேண்டாம், மிச்சத்துணியை மட்டும் அனுப்பு.