அடையாறில் கசிந்த கலை

எதைப் பார்த்தாலும் "இதுல ஒரு அர்த்தம் இருக்கு" என்று சொல்லும் மனித இனம் ஒன்று நம்மிடையே உலவுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். டவராவில் காபியை ஆற்றுகிறோம் என்று ஆரம்பித்து, அந்த ஆற்றலில் ஓர் அழகியலைக் கண்டு, அதை எதிரில் இருப்பவருக்கு விளக்கி முடிப்பதற்குள் அவருடைய காபியையும் சேர்த்து ஆறிப்போக வைப்பவர், மயிலாப்பூர் மாடவீதியில் கத்திரிக்காய்க் குவியலின் முன் கைகட்டி நின்று, "என்ன ஒரு வண்ணச் சேர்க்கை!" என்று உருகிவிட்டு, கால் கிலோகூட வாங்காமல் நகர்பவர், ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபட்டு, மிதிபட்டு, ஒற்றைச் செருப்போடு வெளியே வந்து, "அது கூட்டமில்ல சார், கூட்டு நடனம்" என்பவர். இன்னொரு செருப்பு? அது இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கும் தணிகாசலம் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. அரசு அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் கோப்புகளைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காத மனிதர். ஓய்வுபெற்ற மறுமாதம், கேண்டீன் போண்டா நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி மயிலாப்பூரில் ஒரு சபாவுக்குப் போனார். போண்டா தீர்ந்துவிட்டது. வந்ததற்கு உள்ளேயாவது உட்காருவோமே என்று உட்கார்ந்து, "அன்றாட வாழ்வில் கலை" என்ற சொற்பொழிவை முழுதாகக் கேட்டுவிட்டார். ஒரே ஒரு போண்டா மீந்திருந்தால் ஒரு குடும்பம் தப்பித்திருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் மனைவி சுலோச்சனா கூப்பிட்டாள்.

"ஏங்க, ஹால் செவுத்துல ஓதம் இறங்குது பாருங்க. மேல் வீட்டு பாத்ரூம் தண்ணி."

தணிகாசலம் வந்தார். கண்ணாடியோடு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மேலேயிருந்து முறத்தளவுக்கு ஓதம் பழுப்பும் பச்சையுமாக விரிந்து, ஓரமெல்லாம் பூசணம் பூத்திருந்தது. முப்பத்துநான்கு வருடத்தில் அவரை யாரும் தேடி வந்ததில்லை. கலை, சுவரைத் துளைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்திருக்கிறது!

"சுலோ, இது ஓதமில்ல. ஓலம்."

"என்னது?"

"தண்ணீரின் ஓலம்."

சுலோச்சனா பிளம்பருக்கு போன் போட்டாள்.

பிளம்பர் உமர் ஃபாரூக் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "மேல ஜாயிண்ட் விட்டுப்போச்சு சார். அரை மணி நேர வேலை."

"விட்டுப்போனதுலதானே பாய், நவீனத்துவமே இருக்கு!" என்று தணிகாசலம் சுவருக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டார். உமர் ஃபாரூக் சுலோச்சனாவைப் பார்த்தார். சுலோச்சனா மின்விசிறியைப் பார்த்தாள். பிளம்பர் பையை மூடினார்.

வீட்டு வேலைக்கு வரும் முத்தம்மா துடைப்பத்தோடு வந்து நின்றாள். ஆற்றங்கரை வீட்டை அரசு இடித்து, ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டதிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்.

"இத்தப் போயி இன்னா சார் அப்டிப் பாக்குற? எங்கூட்ல நாலு செவுத்துலயும் கீது."

"நாலு சுவத்துலயுமா!" தணிகாசலத்துக்குப் பொறாமையே வந்துவிட்டது.

"தலைக்கு மேல மோட்டுலயும் கீது. வந்து ஒரு வாரம் தங்கிப் பாரு சார். புள்ளைங்களுக்கு அதால சளியும் கீது. அதுக்கும் எதுனா ஒரு பேரு வையி."

அந்த வாரம் அவருக்கு வசதிப்படவில்லை.

மேல் வீட்டுச் செம்பியன் சண்டைக்குத் தயாராக, பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்தார். தணிகாசலம் அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எப்படி சார் இப்படி ஒரு படைப்பு!"

ஒரு கணம் திருதிருவென்று விழித்த செம்பியன் சுதாரித்துக்கொண்டார். "குளிக்கிறப்ப உள்ளுக்குள்ள ஏதோ ஒரு உந்துதல் சார். நானா எதுவும் செய்யறதில்ல." அன்றிலிருந்து அவர் தினம் மூன்று வேளை குளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சபா நண்பர்கள் பன்னிரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் சுவரில் தாய்மையைக் கண்டார். இன்னொருவர் நகர நெருக்கடியைக் கண்டார். திருவான்மியூரிலிருந்து வந்த தீபிகா என்ற ஆய்வாளர் அதன் மௌனத்தைப் பாராட்டினார். சுவர் சொட்டுச் சொட்டென்று சொட்டிக்கொண்டிருந்தது. படைப்பு வளர்வதை எல்லோரும் நேரில் பார்க்கட்டும் என்று தணிகாசலம் செம்பியனுக்கு போன் செய்தார். செம்பியன் உற்சாகத்தில் வாளியை விட்டுவிட்டு டிரம்மையே கவிழ்த்தார்.

"கலை எதற்கு?" என்று தணிகாசலம் சுவரோரமாக நின்று குரலை உயர்த்தினார். "நம் அன்றாடத்தின் மேல் அது வந்து விழ வேண்டும்!"

விழுந்தது. மேல்சுவரிலிருந்து தட்டு அகலக் காரைப் பாளம் ஒன்று பெயர்ந்து அவர் தலையில் விழுந்தது.

பன்னிரண்டு பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். பிறகு கைதட்டல்.

"ஐயோ!" என்றார் தணிகாசலம், தரையிலிருந்து.

"உஷ்! இதுவும் அதுல ஒரு பகுதி," என்றார் தீபிகா. மூன்று பேர் வீடியோ எடுத்தார்கள். நெற்றியில் ரத்தம் இறங்கியதும், "சிவப்பு ஒண்ணுதான் குறையா இருந்தது" என்று ஒருவர் திருப்தியாகத் தலையாட்டினார். இன்னொருவர் குனிந்து, "இந்த வீழ்ச்சியோட அர்த்தம் என்ன சார்?" என்று கேட்டார். தணிகாசலம் உள்ளுக்குள் துழாவிப் பார்த்தார். ஓர் அர்த்தமும் அகப்படவில்லை. வலி மட்டும் இருந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த சுலோச்சனா, ஒரு பிடி காபித்தூளைக் காயத்தில் வைத்து அழுத்தினாள்.

"ரொம்ப வலிக்குதாங்க?"

அவர் குழந்தை மாதிரி தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை அவர் எதற்கும் ஒப்பிடவில்லை.

நான்கு தையல். மறுநாள் உமர் ஃபாரூக் வந்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் கிளம்பும்போது தணிகாசலம், "பாய், நம்ம முத்தம்மா வீட்டுலயும் ஓதமாம். நாம ரெண்டு பேரும் ஒரு நடை போய் பாத்துட்டு வரலாமா?" என்றார். அடுத்த வியாழக்கிழமை போனார்கள். போன இடத்தில் தணிகாசலம் எதற்கும் பெயர் வைக்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதுவரை படித்த உங்களுக்கு, 'அப்படியானால் அந்த ஓதம் எதைக் குறிக்கிறது? விழுந்த காரை எதன் படிமம்?' என்று உள்ளுக்குள் ஒரு நமைச்சல் எடுக்கிறது, இல்லையா? அது காரைதான் சார். மேலே உடைந்திருந்தது வெறும் பைப்புதான். அப்படியும் மனசு கேட்கவில்லையென்றால், நாற்காலியைக் கொஞ்சம் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டு யோசியுங்கள்.