மஞ்சள் இறங்காத கண்

"ஆட்டுக்கு இருக்கது ரெண்டே கண்ணு தம்பி. தலை வாங்குதவன், கண்ணு எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

கறிக்கடை நல்லக்கண்ணு அண்ணாச்சி கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"காலேஜுல படிக்குதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி," என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ரெக்சன் வண்டியைக் கிளப்பினான்.

மஞ்சளில் இருக்கும் குர்குமினைக் கண் சொட்டு மருந்தாக்குவது அவனுடைய ஆராய்ச்சி. குர்குமினோ தண்ணீரில் கரையாது. துறைமுகத்தில் நிற்கிற கப்பல் உப்புக்காற்றில் கரைந்தாலும் கரையும், இது கரையாது. கரைத்தாலும் கண்ணுக்குள் போகாது. போகிறதா என்று பார்க்கத்தான் ஆட்டுக் கண். அதன் கருவிழிப் படலத்தை வெட்டி, கண்ணாடிக் குழாயின் நடுவே பொருத்தி, மேலே மருந்தை விடுவான். அடியிலிருக்கும் நீர் மஞ்சளானால் மருந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம். நீர் இதுவரை பளிங்காகவே இருந்தது.

"சனிக்கிழமைக்குள்ள ரிசல்ட் இல்லைன்னா டாபிக்கை மாத்திருவோம்," என்று கைடு அனுசியா மேடம் சொல்லிவிட்டார். டாபிக் மாறினால் பட்டம் தள்ளிப்போகும். பட்டம் தள்ளிப்போனால், அவன் காதலிக்கும் ஏஞ்சலினுக்கு அவள் வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

மருந்தை எண்ணெயில் கரைத்தான். அது ஆட்டுக் கண்ணில் நிற்காமல் வழுக்கி மேஜைக்கு வந்தது. நிற்கட்டும் என்று கடற்பாசிப் பசையைச் சேர்த்தான். இப்போது குப்பியை விட்டே வர மறுத்தது. கவிழ்த்து வைத்துவிட்டுப் போய், பரோட்டா தின்று, கை கழுவி வந்தான். சொட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. குப்பியை ஓங்கி அமுக்கினான். மருந்து மூடியோடு பறந்து மேடத்தின் வெள்ளைக் கோட்டில் போய் அப்பியது. துவைக்கத் துவைக்க அந்தக் கறை பெரிதானது.

"கோட்டுக்குள்ள நல்லாத்தான் இறங்குது ரெக்சன். கண்ணுக்குள்ளதான் இறங்கலை," என்றார் மேடம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் நேரே கறிக்கடைக்குப் போனான்.

"அண்ணாச்சி, உங்க ஆட்டுக் கண்ணு சரியில்ல. மஞ்சள் உள்ள இறங்கவே மாட்டேங்கு. நாளைக்கும் இறங்கலைன்னா என் பொழப்பு போச்சு."

அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. "என் கடைச் சரக்கை இன்னைவரைக்கும் எவனும் குத்தம் சொன்னதில்ல. காலைல வாங்க."

காலையில் வாங்கிய கண்கள் லேசாக மஞ்சள் பூத்திருந்தன. ஆட்டுக்குக் காமாலை போலும் என்று ரெக்சன் ஒரு நொடி பரிதாபப்பட்டுவிட்டு வேலையைத் தொடங்கினான். மேடம் பக்கத்தில் நின்றார். சொட்டு விழுந்தது. டீ ஆறுவதற்குள் அடியிலிருந்த நீர் மஞ்சளாகிவிட்டது.

மேடம் அப்போதே சென்னைக்குப் போன் போட்டார். "திங்கக்கிழமை அங்கேருந்து புரொபசர்ஸ் வர்றாங்க. இதையே அவங்க முன்னாடி செஞ்சு காட்டு. அதே கடை, அதே மாதிரி கண். எதையும் மாத்திராதே."

ரெக்சன் ஏஞ்சலினுக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, முந்திரி மக்ரூன் இனிப்புப் பாக்கெட்டோடு கறிக்கடைக்கு ஓடினான்.

"அண்ணாச்சி, இன்னைக்குக் குடுத்த மாதிரியே திங்கக்கிழமையும் ரெண்டு கண்ணு வேணும்."

அண்ணாச்சி மக்ரூன் ஒன்றை வாயில் போட்டு, அது கரையும்வரை பொறுத்திருந்தார்.

"தந்துட்டாப் போச்சு. ஆனா மஞ்சத்தூளை நீங்களே கொண்டாந்துருங்க தம்பி. இறங்கல இறங்கலன்னு நீங்க பொலம்புனதுல, ரெண்டு கண்ணையும் ராத்திரி பூரா மஞ்சள்ல ஊறப்போட்டு, கழுவிக் குடுத்தேன். எங்க வீட்டு டப்பா காலி."