மாவில் முளைத்த பெருங்குடல்

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. சிரிப்பு வந்து அல்ல, குடற்கண்ணர் என்கிற சாமியாரைப் பார்க்க. ஸ்கேன் எடுக்க இயந்திரம் வேண்டும், மின்சாரம் வேண்டும். இவருக்கு ஒரு கிண்ணம் பிசைந்த மாவு போதும். கண்ணைக் கட்டிக்கொண்டு உங்கள் வயிற்றுக்கு மேலே காற்றில் கையை ஆட்டுவார். மாவை உருட்டி வளைத்து, உங்கள் குடலை அப்படியே பலகையில் வைத்துவிடுவார். புண் எங்கேயோ அங்கே கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. ஆபரேஷன் முடிந்தது! வெட்டிய துண்டைச் சுட்டுத் தின்றால் நோய் திரும்பாதாம். விவரமானவர்கள் உப்புத் தொட்டுத் தின்றார்கள்.

வரிசையில் ஒரு பஸ் டிரைவரும் நின்றார். குடல் அழற்சி அவரைப் பாதி ஆளாக்கியிருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். சர்ஜன் அவர் குடலைக் கம்ப்யூட்டர் திரையில் முப்பரிமாணத்தில் சுற்றிச் சுற்றிக் காட்டியிருந்தார். "இங்க சுருங்கிப் போச்சு. இங்கேருந்து மூத்திரப்பைக்கு ஒரு ஓட்டை போகுது. எங்க வெட்டணும், எவ்வளவு மிச்சம் வைக்கலாம்னு பார்த்துட்டுத்தான் கத்தியை எடுப்பேன்." டிரைவர் காதில் ஏறியது கத்தி மட்டுந்தான்.

"மாவுல வெட்டினா வலிக்காதுக்கா" என்றார், கூட வந்த அக்காவிடம்.

"ஓட்டையும் அடையாதுடா. சீழ் பிடிச்சா நீ பொழைக்க மாட்டே. முதல்ல நான் படுக்கிறேன். அவர் தப்பாச் சொன்னா நாளைக்கு ஆஸ்பத்திரி. சம்மதமா?"

தம்பி கொஞ்சம் யோசித்தார். "அவருக்குத் தெரியாமலா போகும்?" என்று தலையாட்டினார்.

தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்த சீடர் கரிசனமாக விசாரித்தார். "எங்கம்மா வலி?"

"இடது பக்கம்" என்றாள் அக்கா. சீடர் உடனே உள்ளே போனார். உள்ளே யாருக்கோ அவசரமாகத் தாகம் போலிருக்கிறது.

படுத்தவர் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் ஞானம் கலைந்துவிடும். அக்கா திறக்கவில்லை. கொழுகொழுவென்று ஒரு பெருங்குடல் பலகையில் வளர்ந்தது.

"பெருங்குடல்ல, இடது பக்கம், பெரிய முடிச்சு!" கத்தரிக்கோல் பாய்ந்தது.

அக்கா எழுந்தாள். மலம் சேர வயிற்றில் ஒட்டியிருந்த பையைக் காட்டினாள். "சாமி, என் பெருங்குடல் முழுசையும் டாக்டர் எடுத்துப் பல வருஷமாச்சு. இடது பக்கம்னு உங்க தண்ணிக்காரர்கிட்ட நான் சொன்னது பொய். இப்ப நீங்க வெட்டினது யாரோட குடல்?"

"போன குடலையே வரவழைச்சுட்டாரே!" என்று கூட்டத்தில் ஒருவர் உருகினார். நாலு பேர் கைதட்டினார்கள்.

குடற்கண்ணர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஆமாம்மா. அது சூட்சுமக் குடல்."

"அப்படின்னா இந்தப் பை எதுக்கு? இங்கேயே கழட்டிடறேன்" என்று அக்கா பையில் கை வைத்தாள்.

சாமி எடுத்தார் ஓட்டம்! கண்கட்டை அவிழ்க்கவே இல்லை. ஆனாலும் பலகையைத் தாண்டி, வாளியைச் சுற்றி, எதிலும் இடிக்காமல் நேராகப் பின்வாசலுக்குப் போனார்.

டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலித்தது, இருந்தும் சிரித்தார். "காலையில சீக்கிரம் எழுப்பிவிடுக்கா. இருக்கிற குடலைப் பார்த்து வெட்டுறவர்கிட்டயே போயிடுவோம்."

அவர் பிழைத்துவிட்டார். இப்போது பஸ் ஓட்டுகிறார். குடற்கண்ணரும் பிழைத்துவிட்டார். வேறு தெருவில் சிறுநீரகம் பிடிக்கிறாராம், அங்கேயும் வரிசை. போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். போன கையோடு உங்கள் மூளையையும் மாவில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அது இருக்கிறதா என்று அப்போதாவது உங்களுக்கு ஒரு சந்தேகம் வரட்டும்.